தீர்மான நோட்டு

மகளிர் சேமிப்புச் சங்கத்துக்கென்று எங்கள் ஊரில் கட்டடம் கிடையாது. ஒரு தகரப் பெட்டி இருந்தது. போளூரில் வாங்கி, அத்திமூர் வழியாக மலையேறும் பஸ்ஸின் கூரையில் போட்டு, ஜமுனாமரத்தூரில் இறக்கி, அங்கிருந்து தலைச்சுமையாக ஊர் வந்து சேர்ந்த பெட்டி. பூட்டு ஒன்று, சாவி ஒன்று. பெட்டி ஒரு வீட்டில் இருக்கும், சாவி இன்னொரு வீட்டில். உள்ளே இருக்கிற நோட்டுகளை எழுதுகிற கை மூன்றாவது வீட்டில். அந்தக் கை என்னுடையது.

அப்போது நான் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. சனிக்கிழமை ஊருக்கு வருவேன். சங்கத்தில் 15 பெண்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் மூன்று பேர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தது சங்கத்தை நடத்தும் ஊக்குநரான என் அம்மாவுக்கு மட்டும், அதுவும் பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு. ஆகவே கூட்டம் சனிக்கிழமை ராத்திரி என்று ஆயிற்று. களி கிண்டி இறக்கி, ஆம்பிளைகளுக்குப் போட்டு, அடுப்பை அணைத்துவிட்டு ஒவ்வொருவராக வருவார்கள். "எழுதுற பொண்ணு வந்துட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாயை விரிப்பார்கள். அந்த வயதில் அது ஒரு பதவி. என்னைவிட மூத்த பையன்கள்கூட அந்த இரவுகளில் என்னைத் தண்ணீர் எடுத்துவரச் சொல்ல மாட்டார்கள்.

இந்தச் சங்கங்கள் மலைக்கு வருவதற்கு முன்பே கீழே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டன. கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் 1980-களின் நடுவில் ஏழைகளைச் சிறு குழுக்களாகச் சேர்த்துச் சேமிக்க வைத்துப் பார்த்தது. தமிழ்நாட்டில் 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தருமபுரி மாவட்டத்தில் அரசே மகளிர் குழுக்களைத் தொடங்கியது. 1992-இல் நபார்டு வங்கி இந்தக் குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதித்தது. 1997-98 வாக்கில் மகளிர் திட்டம் என்ற பெயரில் அரசின் குழுத் திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. எங்கள் ஊருக்கு அது வந்தது ஓர் அக்காவின் உருவத்தில். ரப்பர் செருப்பு, தோள்பை, பைக்குள் ஆறு நோட்டு.

வருகைப் பதிவேடு, தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, பொதுப் பேரேடு. போதாததற்கு ஆளுக்கொரு பாஸ்புக். "வாரம் பத்து ரூபா போடுறதுக்கு ஆறு நோட்டா? நோட்டு விலையே எங்க சேமிப்பத் தின்னுடுமே" என்றாள் அத்தை. அத்தை எதையும் முதலில் எதிர்ப்பாள், பிறகு அதற்குக் காவலாக உட்கார்ந்துகொள்வாள். ஒருத்தி கொடுக்கிற ஒரு பத்து ரூபாயை நான் அவள் பாஸ்புக்கில் எழுத வேண்டும், சேமிப்புப் பேரேட்டில் எழுத வேண்டும், ரொக்கப் புத்தகத்தில் மொத்தத்தோடு சேர்க்க வேண்டும், தீர்மான நோட்டில் 'இன்று வசூலான சேமிப்பு ரூ. 150' என்று வாக்கியமாகவும் எழுத வேண்டும். கை வலிக்கும். ஒன்றில் தில்லுமுல்லு நடந்தால் மற்ற மூன்றும் காட்டிக்கொடுக்கட்டும் என்றுதான் யாரோ இப்படி யோசித்திருக்கிறார்கள் என்பது பின்னாளில் புரிந்தது. ஆனால் அந்த ஊரில் தில்லுமுல்லைத் தடுத்தது அந்த நாலு நோட்டும் இல்லை.

தடுத்தது பெரியம்மா போன்றவர்களின் காது.

முதல் கூட்டத்திலேயே ஒரு சிக்கல். அக்கா சொல்லிக்கொடுத்தபடி பெயர்களை அகர வரிசையில் எழுதினேன். அடுத்த வாரம் வரிசைப்படி வாசித்தபோது பெரியம்மா கையை நீட்டி நிறுத்தினாள். "இன்னாடி இது, மேக்கால ஒண்ணு கிழக்கால ஒண்ணுன்னு தாவித் தாவிப் படிக்கிற? வீட்டு வரிசைக்குப் படி." ஊரின் மேல் கோடியில் பாறையடி வீட்டில் தொடங்கி, பலாமரத்து வீடு, இரட்டைத் திண்ணை வீடு என்று இறங்கி, ஓடையோர வீட்டில் முடிய வேண்டும். நோட்டு முழுவதையும் மாற்றி எழுதினோம். அதற்குப் பிறகு பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு தெருவில் நடந்துவருவாள். எந்த வீட்டு வாசலில் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரு வீட்டை நான் விட்டுவிட்டுப் படித்தால் அவள் கால் அங்கேயே தடுக்கும். கணக்குப்பிள்ளை வைக்கிற வரிசை எண்ணால் செய்ய முடியாத வேலை இது. எண்ணை மறக்கலாம், பக்கத்து வீட்டை எப்படி மறப்பது?

கூட்டம் தொடங்கும்போது போன வாரத் தீர்மானத்தை வாசிக்க வேண்டும் என்பது விதி. கீழ்நாட்டில் பல இடங்களில் அதைச் சடங்காக முணுமுணுத்துவிட்டுப் போவதைப் பின்னாளில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் அதுதான் தணிக்கை. நான் ஒரு வரி படிப்பேன். சம்பந்தப்பட்டவள் அதைத் திருப்பிச் சொல்வாள். பக்கத்தில் இருப்பவள் 'ஆமா' என்பாள். "ஐநூறு வாங்கினேன், வட்டி பத்து கட்டினேன், அசல் நூறு கட்டினேன், நானூறு நிக்குது." நூற்றுக்கு இரண்டு வட்டி, மாதத்துக்கு. இந்தத் திருப்பிச் சொல்லலை யாரும் பயிற்சியில் சொல்லித் தரவில்லை. அது ஊர்க் கூட்டத்திலிருந்து வந்தது என்பது என் கணிப்பு. எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்து ஒரு நாடு. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று பெயரிலேயே அது நிற்கிறது. ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு பேச்சை முடிக்கும்போது, பரிசப் பணம் இவ்வளவு, இன்ன மாதம் கட்ட வேண்டியது என்று ஒருவர் சொல்ல, அடுத்தவர் அதையே சொல்ல, கூட்டம் ஆமோதிக்கும். எழுத்து கிடையாது. பத்து வருஷம் கழித்துத் தகராறு வந்தாலும் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தவர்களைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் பேசப் பெண்களுக்கு இடம் இருந்ததில்லை. ஆனால் தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தங்களுக்கென்று ஒரு கூட்டம் கிடைத்ததும் அந்த முறையை எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

என் ஆயாவின் காலத்துக் கணக்கு இன்னும் வேறு. விதைச் சாமை கடன் கொடுத்தால் சமையலறைச் சுவரில் படிக்கு ஒரு கரிக்கோடு. கூலிக்குப் போன நாள்களுக்குக் கயிற்றில் முடிச்சு. தென்னமெரிக்காவின் இன்காக்கள் எழுத்தே இல்லாமல் கிப்பு என்கிற முடிச்சுக் கயிறுகளில் ஒரு பேரரசின் வரிக்கணக்கை வைத்திருந்தார்கள் என்று கல்லூரியில் படித்தபோது மற்றவர்கள் வியந்தார்கள். எனக்கு ஆயாவின் முடிச்சுக் கயிறு ஞாபகம் வந்தது. ஆனால் ஆயாவின் முடிச்சை ஆயா மட்டும்தான் படிக்க முடியும். அவள் இறந்தபோது அந்தக் கயிற்றில் யார் பாக்கி இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சங்கத்தின் கணக்கு 15 தலைகளில் இருந்தது. ஒருத்தி குடகுக் காப்பித் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு வேலைக்குப் போய்விட்டாலும் அவள் கணக்கு ஊரிலேயே இருக்கும்.

தவணை போடுவதில்தான் அவர்கள் மூளை முழுசாக வேலை செய்யும். மாதாமாதம் சமத் தவணை என்று அக்கா சொல்லிக்கொடுத்திருந்தாள். வங்கியும் அதையே எதிர்பார்த்தது. ஆனால் மாதாமாதம் பணம் எந்த வீட்டில் வந்தது? "அவளுக்குப் புளி மரம் ரெண்டு நிக்குது, மாசி பங்குனியில குடுப்பா." "இவளுக்குப் புளி இல்ல, பலாதான். ஆனி ஆடியில வாங்கிக்கலாம்." "அவ வீட்ல சாமைதான், கார்த்திகை கழியணும்." "கடுக்காய் பொறுக்கப் போறவ, மார்கழியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா வரும்." இப்படி ஒவ்வொரு மரத்தையும் ஒவ்வொரு காட்டையும் பார்த்துத் தவணை விழும். யார் மரம் இந்த வருஷம் பூக்கவில்லை, யார் சாமையில் பன்றி புகுந்தது, யார் மருமகனுக்குச் சீர் செய்ய வேண்டியிருக்கிறது, எல்லாம் கணக்கில் வரும். கடன் கொடுக்கிறவர் அறிய வேண்டியதெல்லாம் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தது. இரண்டு மணி நேரம் சண்டை போட்டு முடித்ததும் அம்மா என் பக்கம் திரும்புவாள். நான் எழுதுவேன்: 'உறுப்பினர் எண் 7-க்கு ரூ. 500 கடன் வழங்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' ஏகமனதாக என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நடந்த அடிதடி நோட்டில் கிடையாது.

கடனுக்குக் காரணம் எழுத வேண்டும். வருமானம் வரும் காரணமாக இருந்தால் நல்லது என்பது எப்படியோ எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே ஆடு. நாத்தனார் பிள்ளைக்குக் காது குத்து என்றாலும் ஆடு, வீட்டுக்காரர் சாராயக்கடையில் வைத்த பாக்கி என்றாலும் ஆடு. ஆனால் கூட்டத்தில் அம்மா தெளிவாகச் சொல்லிவிடுவாள்: "எழுதுறது ஆடு. ஆடு வராது, எல்லாரும் தெரிஞ்சுக்கங்க." நோட்டில் ஒரு பைசா பொய் கிடையாது, காரணத்தில் மட்டும் நிறைய உண்டு. இதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். தெரிய வேண்டிய 15 பேருக்கும் உண்மை தெரியும். தெரியாமல் போனது மாவட்டத் தலைநகரில் மொத்தக் கணக்குப் போடுகிறவர்களுக்கு. அவர்களுடைய அறிக்கையில் எங்கள் ஊர் ஆடுகள் மந்தை மந்தையாக மேய்ந்திருக்கும்.

அந்த வருஷம் பள்ளியிலிருந்து எங்களைக் காவலூருக்கு அழைத்துப்போனார்கள். ஆலங்காயத்துக்குப் போகும் பாதையில், காட்டுக்குள் வெள்ளைக் கூம்பு மாடங்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து திறந்துவைத்து, வானாய்வகத்துக்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். 1988-இல் இங்கிருந்து வானியலாளர் ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு இராமானுஜன் என்று பெயர், 4130 என்று எண். இதெல்லாம் அங்கே சொன்னார்கள். எங்களில் பாதிப் பேர் சாப்பாட்டு மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பிடித்தது வேறு. அங்கே ஒருவர் ஒரு பெரிய நோட்டைக் காட்டினார். ராத்திரி எத்தனை மணிக்கு எந்த நட்சத்திரத்தைப் பார்த்தார்கள், எவ்வளவு நேரம், யார் பார்த்தார்கள் என்று வரி வரியாக எழுதியிருந்தது. சில பக்கங்களில் மேகம் என்று மட்டும். ஒன்றும் பார்க்காத ராத்திரியை எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். எழுதாமல் விட்டால், பார்க்கவில்லையா, பார்த்துவிட்டு எழுதவில்லையா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போகும் என்றார்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அடுத்த மழைக்காலத்தில் ஓடை ஏறி, ஓடையோர வீட்டுக்காரர்கள் தாண்டி வர முடியாத சனிக்கிழமை அம்மா பெட்டியை எடுத்துவரச் சொன்னாள். 'மழை. கூட்டம் நடக்கவில்லை. வசூல் இல்லை.' தேதி போட்டு எழுதி, அவளே கையெழுத்துப் போட்டாள். வானத்தை அளக்கிறவர்களும் எங்கள் அம்மாவும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே மாதிரி நோட்டு வைத்தார்கள் என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் கர்வம் உண்டு.

சங்கம் தொடங்கி ஆறு மாதம் ஆனதும் அதைத் தரம் பிரிக்க வந்தார்கள். 1999 ஏப்ரலில் பொன்விழா கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டம் தொடங்கியிருந்தது. தரத்தில் தேறினால் சுழல்நிதியாக 25,000 ரூபாய், அதில் 10,000 மானியம், மீதி வங்கிக் கடன். வந்தவர் நோட்டுகளைப் புரட்டினார். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று என்னைப் பாராட்டினார். பிறகு எதிர்பாராத விதமாகத் திரும்பி, ஓரத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியம்மாவிடம், "பாட்டி, உங்க சங்கத்துல இப்ப மொத்தம் எவ்வளவு இருக்கு?" என்றார். நோட்டு எழுதுகிறவளைக் கேட்டால் நோட்டுத்தான் பேசும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல அதிகாரி.

பெரியம்மா கையைப் பொத்திப் பொத்தி விரித்தாள். "இருபத்தாறு வாரம். வாரம் நூத்தம்பது. மழையில நின்ன ரெண்டு வாரத்தையும் பின்னால கட்டிட்டோம். மூவாயிரத்துத் தொள்ளாயிரம். வட்டி இருநூத்து முப்பத்தாறு. லேட்டா வந்தவளுங்க அபராதம் பதினாலு, அதுல ஆறு ரூபா இவளுது" என்று அத்தையைக் காட்டினாள். அத்தை உடனே, "அதுல ரெண்டு ரூபா அநியாயமா போட்டது" என்றாள். அதிகாரி பொதுப் பேரேட்டைப் பார்த்தார். 4,150. வேறு மூன்று பேரைக் கேட்டார். எல்லோரும் அதே தொகை. 'இதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்தீர்களா' என்று சிரித்தார். மனப்பாடம் இல்லை, வாரா வாரம் காதில் விழுந்தது. தேறிவிட்டோம்.

இதற்கு ஒரு விலை இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் எல்லாம் தெரிகிற இடத்தில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஒரு சின்னம்மா, புருஷன் அடித்துப் பிடுங்கிக்கொண்ட பணத்தை, 14 பேர் முன்னால் 'நானூறு நிக்குது' என்று ஒவ்வொரு வாரமும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். ஒரு கட்டத்தில் வருவதை நிறுத்தினாள். வங்கிக் கடனில் பாக்கி வைத்தால் அவமானம் தபாலில் வரும், நாம் மட்டும் படிப்போம். இங்கே அது தெருவில் வந்து உட்காரும். கடைசியில் பெரியம்மாதான் ஒரு வழி செய்தாள். சின்னம்மாவின் கணக்கு வரும்போது, 'அது எனக்குத் தெரியும், அடுத்த வீட்டுக்குப் போ' என்பாள். நோட்டில் தொகை இருந்தது. வாய் மட்டும் அந்த வாசலைத் தாண்டிப் போனது. அவள் திரும்ப வந்தாள். எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத ஏற்பாடு.

பல வருஷம் கழித்து வன உரிமைச் சட்டம் வந்தபோது எனக்கு அந்தப் பாய் நினைவுக்கு வந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம், விதிகள் 2008 ஜனவரியில். அதன் 13-ஆவது விதி, காட்டு நிலத்தின் மீதான உரிமைக்கு, உரிமை கோருபவரல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வாங்கிச் சான்றாக வைக்கலாம் என்கிறது. யார் நிலம் எந்தப் பாறை வரைக்கும், யார் பாட்டன் எந்தச் சரிவில் சாமை விதைத்தான் என்பதை வீட்டு வரிசைப்படி சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஊரில் குறைவில்லை. ஆனால் அரசின் பதிவேடுகளில் எங்கள் மலை பிரிந்து பிரிந்து கிடக்கிறது. 1989-இல் வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. மறுபக்கம் வேலூரோடு நின்றது. 2019-இல் திருப்பத்தூர் தனியானது. ஒரே நாட்டுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் ஒரு சான்றிதழுக்காக வேறு வேறு ஊருக்கு மலையிறங்குகிறார்கள்.

நான் கல்லூரிக்குப் போனதும் நோட்டு இன்னொரு பெண்ணுக்குப் போனது, பிறகு அவள் தங்கைக்கு. நபார்டு 2015-இல் ஜார்க்கண்டின் ராம்கட், மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டங்களில் குழுக் கணக்குகளைக் கணினிக்கு ஏற்றத் தொடங்கியதாகச் செய்தித்தாளில் படித்தபோதே அது ஒருநாள் மலையேறும் என்று நினைத்தேன். ஏறிவிட்டது. இப்போது என் அண்ணன் மகள் போனில் ஏற்றுகிறாள். சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, பாஸ்புக், பேரேடு, ரொக்கம் எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிடுகிறாள். கை வலி இல்லை. கூட்டல் பிசகுவதில்லை. நான் அன்றைக்கு ஒரு ராத்திரி முழுக்க எழுதியது அவளுக்குக் கால் மணி நேரம். நல்லதுதான். பாயை மட்டும் இன்னும் விரிக்கிறார்கள்.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். அத்தைக்கு இப்போது பெரியம்மாவின் இடம். பேரனின் பைக்குக்குத் தவணை கட்ட இருபதாயிரம் கேட்டு வாங்கியிருக்கிறாள். பைக் ஏற்கெனவே ஒரு பள்ளத்தில் கிடக்கிறது என்பது வேறு கதை. கடனுக்கான காரணத்தைப் போனில் ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் போலிருக்கிறது. அண்ணன் மகள் ஒவ்வொன்றாகப் படித்தாள். விவசாயம், கல்வி, மருத்துவம், கால்நடை, மற்றவை.

"அத்த, எதுல போட?"

அத்தை கொஞ்சம் யோசித்தாள். "ஆடுன்னு இல்லியா அதுல?"

"கால்நடைன்னு இருக்கு."

"வேணாம், ஆட்டக் காட்டுன்னு போட்டோ கேட்பானுங்க. மத்ததுல போடு. பள்ளத்துல கெடக்கறத நான் கூட்டத்துல சொல்லிக்கிறேன்."